நாரை கேட்ட கேள்வி

உக்காருங்கக்கா, நல்லா உள்ள தள்ளி உக்காருங்க. அந்தப் பையை நான் காலுக்கடியில இழுத்துக்கறேன். உள்ள லேப்டாப்பு இருக்குது, மேல போட மனசு வரலை. நீங்க எங்க, சங்ககிரிங்களா? நான் திருச்செங்கோடு. அப்போ சங்ககிரி வரைக்கும் எனக்குப் பேச்சுத்துணை ஆச்சு. இவ பேரு வர்ணிகா. ஒண்ணேகால் வயசு. பயப்படாதீங்க, அழமாட்டா. வளையலை மட்டும் இழுப்பா. ஏ சாமி, அக்காவை விடு. பெரியம்மாவை விடு.

போனை எதுக்குக் கையிலயே புடிச்சிருக்கேன்னு பாக்கறீங்களா? ஒரு கால் வரோணும். என்ற வீட்டுக்காரர்கிட்ட இருந்து. இன்னிக்குக் கட்டாயம் வரும். பைக்குள்ள போட்டா இந்த பஸ்ஸு சத்தத்துல கேக்காதுங்க. அதான்.

சேலத்துக்கு எதுக்கு வந்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே. சரி, கேக்காட்டியும் சொல்றேன். போன் ரிப்பேரு பண்ண வந்தேன். இந்தப் போன் இல்லைங்க, இது பழசு, அலமாரியில கெடந்தது. நல்ல போனைத்தான் இவ போன மாசம் குளிக்க ஊத்திவெச்ச வாளியில போட்டுட்டா. போட்டுட்டு வாளிக்குள்ள எட்டிப் பாத்து "அப்பா"ங்கறா. எங்க வீட்டுல போனுக்குப் பேரே அப்பாதான். எந்தப் போனைக் காட்டுனாலும் அப்பான்னுவா. உங்க போனைக் காட்டுங்களேன்... பாத்தீங்களா! சிரிக்காதீங்கக்கா, அவளுக்குத் தெரிஞ்ச அப்பா அம்புட்டுத்தான்.

அவரு போர்க்கெணறு தோண்டற வண்டியில டிரில்லருங்க. திருச்செங்கோட்டுல வீட்டுக்கு ஒருத்தர் போர் வண்டியில இருப்பாங்க, உங்களுக்குத் தெரியாததா. ஆயுத பூசைக்கு வண்டிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிக் கெளம்புனா, அடுத்த மழைக்குத்தான் திரும்பும். இப்போ சத்தீஸ்கருல எங்கயோ காட்டுக்குள்ள இருக்காங்க. அவரு கெளம்புறப்போ இவளுக்கு எட்டு மாசம், உக்காந்தா சாஞ்சுருவா. மாமியாரு பெரிய மகன் வீட்டுல நாமக்கல்லுல. எங்கம்மா மாட்டை விட்டுட்டு வரமாட்டாங்க. அதனால லைன் வீட்டுல நானும் இவளுந்தான். கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஜாலியாத்தான் இருப்போம். பாட்டுப் போட்டு ஆடுவோம். இவ ஆடறதைப் பாத்து நான் ஆடுவேன், நான் ஆடறதைப் பாத்து இவ ஆடுவா. அப்பறம் ரெண்டு பேரும் உக்காந்து சொவத்தைப் பாப்போம்.

அவரு வாரத்துக்கு ரெண்டு தடவை கூப்பிடுவாரு. ரெண்டு நிமிசம். பின்னாடி தொளை போடற ரிக்கு ஓடிட்டிருக்கும், ஒண்ணும் கேக்காது. "சாப்ட்டியா? பாப்பா சாப்ட்டாளா? வெச்சர்றேன் கண்ணு." இதுல நான் எப்போ பல்லு மொளைச்சதைச் சொல்றது, எப்போ பேதியானதைச் சொல்றது? அதுக்குத்தான் போனுக்கு நானே ஒரு ஆப்பு செஞ்சேன்.

ஆமாங்கக்கா, நானேதான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஊருப் பள்ளிக்கூடத்துல தமிழ் மீடியத்துல படிச்சவதான். அப்பறம் பி.சி.ஏ. முடிச்சுட்டு எட்டு மாசம் ஈரோட்டுல ஒரு சின்னக் கம்பெனியில வேலை பாத்தேன். அங்க கத்துக்கிட்டது. கல்யாணமாகி இவ வயித்துல வந்ததும் நின்னுட்டேன். லேப்டாப்பு மட்டும் கூடவே வந்துச்சு.

தகவலைச் சேத்து வெக்கற டேட்டாபேஸுன்னா பெரிய கம்பெனியில, ஏசி ரூமுல, தனி மிஷினு வெச்சு நடத்துறதுன்னு எல்லாரும் நெனைப்பாங்க. எஸ்க்யூலைட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க, ரொம்பச் சின்னது. அதுக்குத் தனி மிஷினும் வேண்டாம், தனி ஆளும் வேண்டாம். போனுக்குள்ளயே ஒரு ஃபைலாட்டம் மூலையில உக்காந்துக்கும். கேட்டாச் சொல்லும். கேக்காட்டி சும்மா இருக்கும். எனக்கு அதை ரொம்பப் புடிக்கும்.

அதை வெச்சுத்தான் வர்ணி டைரின்னு ஒண்ணு செஞ்சேன். தேதி, நேரம், என்ன நடந்துச்சு, குறிப்பு. நாலே கட்டம். சனிக்கிழமையானா ஒரு பட்டனை அமுத்துனாப் போதும், அந்த ஃபைலு அப்படியே வாட்ஸப்புல அவருக்குப் போயிரும். அவரு போன்லயும் அதே ஆப்பை அனுப்பி ஏத்த வெச்சிருந்தேன். தெறந்தா அந்த வாரத்துக் கதையெல்லாம் வரிசையா நிக்கும். கயித்துக் கட்டிலுல சாஞ்சுக்கிட்டு அவரு படிச்சுக்கலாம். அப்படித்தான் நெனைச்சேன்... அப்படித்தான் படிச்சுக்கிட்டிருந்தாரு.

பிஸ்கட்டு இவளுக்குங்களா? எங்கிட்டயா குடுக்கறீங்க? இல்லை, நீங்களே குடுங்க. உங்க கையால வாங்கட்டும். யாருகிட்டயும் வாங்கிப் பழக்கமில்லை அவளுக்கு.

டிசம்பர் மாசம் ஒரு தொந்தரவு வந்துச்சு. மருந்து நேரத்துக்கு மணி அடிக்கறாப்புல ஆப்புல ஒண்ணு வெச்சிருந்தேன். மணி அடிச்சதும் அதுவா ஒரு வரி எழுதிக்கும். அதே நேரத்துல நானும் ஒரு வரி எழுதப் போனா, டப்புன்னு சண்டைக்கு வரும். டேட்டாபேஸு பூட்டியிருக்குதுன்னு சொல்லிரும். ஒரு நோட்டுல ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான எழுத முடியும், அந்தக் கணக்குத்தான். ஆனா எனக்கு அப்போ அது புரியலைங்க. என்ற வீட்டுல என்ற போன்ல என்ற நோட்டு, அதை எவன் வந்து பூட்டுனான்னு ஒரே ஆத்திரம்.

கேக்கறதுக்கு ஆளில்லை. கூட வேலை பாத்தவளுக கூப்பிட்டா, "வேலையா இருக்கேன், அப்பறம் கூப்பிடறேன்"னு சொன்னாளுக. அந்த அப்பறம் இன்னும் வரலை. அப்போதான் அந்த வெப்சைட்டுல கேட்டேன். புரோகிராம் எழுதுறவங்க சந்தேகம் கேக்கறதுக்குன்னு ஒண்ணு இருக்குதுங்க, உலகம் பூராவும் இருந்து ஆளுக வருவாங்க. ஆனா பாருங்க, அங்க வரைமுறை ரொம்ப ஜாஸ்தி. "எல்லாருக்கும் வணக்கம்"னு ஆரம்பிச்சேன். ஒருத்தரு வந்து வணக்கத்தை அழிச்சுட்டாரு. "முன்கூட்டியே நன்றி"ன்னு முடிச்சேன். இன்னொருத்தரு வந்து நன்றியை அழிச்சுட்டாரு. வணக்கமும் நன்றியும் அந்த இடத்துக்குப் பொருந்தாதாம். கேள்வி மட்டுந்தான் வேணுமாம். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. எங்கூருல தண்ணி கேக்க வந்தவங்ககூட "நல்லாருக்கீங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் சொம்பை நீட்டுவாங்க.

அதுல ஒருத்தருதான் பொறுமையாப் பதில் சொன்னாரு. பேரு தெரியாது. ஒத்தக்கால்ல நிக்கற நாரைப் படம் போட்டிருப்பாரு. நான் நாரைன்னுதான் சொல்லுவேன். ஆம்பளையா பொம்பளையா, எந்த ஊருன்னுகூடத் தெரியாது. வர்ணி அந்தப் படத்தைப் பாத்தா "கா, கா"ம்பா. அவ சொன்ன முதல் வார்த்தையே அதுதான், ஜனவரி பதினாறு, மாட்டுப் பொங்கலன்னிக்கு. எழுதி வெச்சிருக்கேன்.

நாரை என்ன சொல்லுச்சுன்னா, ஒரு வரியை மாத்துனாப் போதும், அப்பறம் பூட்டிக்காதுன்னுச்சு. எப்படின்னா, எழுதறதையெல்லாம் நேரா நோட்டுல எழுதாம, பக்கத்துல ஒரு தனி ஃபைலுல எழுதிக்கும். இந்தப் பள்ளிக்கூடத்துல ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டுன்னு வெச்சிருப்பமே, அது மாதிரி. புதுசா எழுதறது எல்லாம் ரஃப் நோட்டுல போகும். அது ரொம்புனப்பறம் மொத்தமா ஃபேர் நோட்டுக்கு ஏறிக்கும். நம்ம போன்ல தெறந்து பாத்தா ரெண்டையும் சேத்துத்தான் காட்டும், அதனால நமக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு வரிதான். மாத்துனேன். சண்டை நின்னுபோச்சு. நான் எழுதி முடிச்சதும் நாரை ஒண்ணு கேட்டுச்சு, "இப்போது வேலை செய்கிறதா?"ன்னு. இங்கிலீஷுலதான். அன்னிக்கு முழுக்க என்னை ஒருத்தர் கேட்ட கேள்வி அது ஒண்ணுதான். அதுக்கு "வேலை செய்கிறது"ன்னு எழுத அரை மணி நேரம் யோசிச்சேன், ஸ்பெல்லிங்கு சரியா இருக்கோணுமில்ல.

அப்பறம் என்ன, குஷியா எழுதுனேன். சனிக்கிழமை தவறாம அனுப்புனேன். சாயங்காலம் பொழுதோட அஞ்சு, அஞ்சரைக்கு அவருகிட்ட இருந்து பதிலும் வந்துரும். "பாத்தேன் கண்ணு. பாப்பா சூப்பர்." ஒரு கட்டைவெரல் போட்டு. ஒரு வாரம் தவறுனதில்லைங்க. மத்த டிரில்லருங்க பொண்டாட்டிகளைக் கேட்டுப் பாருங்க, வந்த மெசேஜுக்கு நீல டிக்குக்கூட விழுகாது.

என்னென்ன எழுதுனேன் தெரியுங்களா? ஜனவரியில நடந்தா. நாலடி. கதவுல இருந்து கட்டிலு வரைக்கும். அதை எழுதி அனுப்பி, பதிலும் வந்து, ரெண்டு வாரங் கழிச்சுப் போன்ல கேக்கறாரு, "பாப்பா நடக்கறதுக்குப் பாக்கறாளா?"ன்னு. "ஏனுங் மாமா, அன்னிக்கே எழுதியிருந்தேனே"ன்னேன். "ஆமால்ல, ஆமா, மறந்துட்டேன்"னாரு. ரிக்கு சத்தத்துல காதுதான் மந்தமாகும்னு சொல்லுவாங்க. ஞாபகமும் மந்தமாகும்போல இருக்குது, பாவம்.

பிப்ரவரியில முதல் பொறந்தநாளு. அரைக்கிலோ கேக்கு வாங்கி நானும் இவளுமே வெட்டுனோம். பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் குடுத்தேன், அவங்க சக்கரை வியாதின்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அதையும் எழுதுனேன், தமாசா. மார்ச்சுல காய்ச்சலு, மூணு நாளு ஆஸ்பத்திரி. ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை டிகிரின்னு எழுதியிருந்தேன். ஒரு வாரம் போய் அவங்க அண்ணன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டுக் கூப்பிட்டுக் கத்தறாரு. "ஏன்டி எங்கிட்டச் சொல்லலை"ங்கறாரு. பாசம் பாருங்க. எழுதியிருந்தாலும் வாயால கேக்கோணும் அவருக்கு.

குறிப்புன்னு கடைசிக் கட்டம் சொன்னேன்ல, அது இவளுக்காக வெச்சதுதான். சளி, இருமலு, அந்த மாதிரி. போகப்போக நானும் ரெண்டு வரி போட ஆரம்பிச்சுட்டேன். சும்மாத்தான். "இன்று பேசியது: பால்காரரிடம், அரை லிட்டர் என்று." இப்படி. "இன்று யாரிடமும் பேசவில்லை. வர்ணியிடம் பேசியது கணக்கில் வருமா?" இப்படி. எழுதறப்போ மட்டும் நான் நல்ல தமிழுல எழுதுவேங்க, பள்ளிக்கூடத்துப் பழக்கம். அதைப் படிச்சுட்டும் அவரு "சூப்பர்"னுதான் போடுவாரு. அவருக்குத் தமாசுன்னா ரொம்பப் புடிக்கும்.

தண்ணி குடிக்கறீங்களா? இந்தாங்க. மகுடஞ்சாவடி வந்துருச்சா அதுக்குள்ள? இந்த டிரைவரு ஏனுங் இப்படி ஓட்டறாரு.

சரி, வாளிக்கு வரேன். போன் முங்கிருச்சு. அரிசியில போட்டேன், வெயில்ல வெச்சேன், உசுரு வரலை. ஆனா நான் கவலையே படலைங்க. ஏன்னா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு காப்பி அவருகிட்டப் பத்திரமா இருக்குதே! இந்தப் பழைய போனை எடுத்து, அவரைக் கூப்பிட்டு, "மாமா, கடைசியா அனுப்புன ஃபைலைத் திருப்பி அனுப்புங்க"ன்னேன். "எது?"ங்கறாரு. "சனிக்கெழமை அனுப்புவனே." "ஓ, அதா. இரு, டவுன்லோடு ஆகுது." அங்க சிக்னலு எப்படின்னு பாருங்கக்கா, ஒருதடவை டவுன்லோடு பண்ணிப் பாத்ததையே மறுபடியும் பண்ண வெக்குது.

வந்துச்சு. தெறந்தேன். கடைசி வரி, டிசம்பர் எட்டு. "மேல் பல் இரண்டு. கடிக்கிறாள்." அதோட நின்னுபோச்சு.

பழைய ஃபைலை அனுப்பிட்டாராட்டம்னு நெனைச்சு, அத்தனையும் அனுப்பச் சொன்னேன். அனுப்புனாரு, பாவம், எல்லாம் டவுன்லோடு ஆகி முடிய ரெண்டு நாளாச்சு. டிசம்பர் எட்டுக்கப்பறம் மட்டும் இருபத்திரண்டு ஃபைலு. ஒண்ணொண்ணாத் தெறக்கறேன். மேல் பல் இரண்டு. மேல் பல் இரண்டு. மேல் பல் இரண்டு. இருபத்திரண்டு சனிக்கிழமையும் மேல் பல் இரண்டு, கடிக்கிறாள். சைஸைப் பாத்தா ஒரு எழுத்துக்கூட ஏறலை எறங்கலை. அப்படியே உக்காந்துட்டேங்க. நடந்தது, பேசுனது, பொறந்தநாளு, காய்ச்சலு, அஞ்சு மாசம். ஒண்ணும் இல்லை. இவளுக்குப் பன்னெண்டு வயசாகி, "நான் எப்போ நடந்தேன்"னு கேட்டா என்ன சொல்லுவேன்? பல்லு மொளைச்சுச்சு, அப்பறம் ஒரேயடியா நீ வளந்துட்டேன்னா?

அழுவலைங்க. நானெல்லாம் அழுகற ஆளு இல்லை. லேப்டாப்பை எடுத்து வெப்சைட்டுல கேள்வி எழுதுனேன். இந்தத் தடவை வணக்கமும் போடலை, நன்றியும் போடலை. விசயத்தை மட்டும் எழுதுனேன். "ஐந்து மாதமாக வாரம் ஒருமுறை டேட்டாபேஸ் கோப்பை நகலெடுத்து வேறு போனுக்கு அனுப்பினேன். எல்லா நகலிலும் புது வரிகள் இல்லை. ஏன்?"

ஒரு மணி நேரத்துல நாரை வந்துருச்சு. வந்து அழகாச் சொல்லுச்சு. அந்த ரஃப் நோட்டுதான் காரணம். நான் எழுதுனது கொஞ்சங்கொஞ்சமா இருந்ததால அது ரொம்பவே இல்லை. ரொம்பாததால ஃபேர் நோட்டுக்கு ஏறவும் இல்லை. நான் அனுப்புனதோ ஃபேர் நோட்டை மட்டும். பட்டனை எழுதுன அன்னிக்கு ஒரு ஃபைலுதான் இருந்துச்சு, அப்பறம் பக்கத்துல இன்னொண்ணு வந்ததை நான் பட்டனுக்குச் சொல்லவே இல்லை. தப்பு என்னுதுதான். எஸ்க்யூலைட்டு மேல ஒரு குத்தமும் இல்லைங்க, அது சொன்னபடிதான் நடந்திருக்குது. போனுக்கு ஒரு நிமிசம் உசுரு வந்தாலும் போதும், பக்கத்து ஃபைலையும் சேத்து மொத்தமா எடுத்துருங்க, எதையும் விட்டுறாதீங்கன்னு சொல்லுச்சு. இனிமே சும்மா நகலெடுக்காதீங்க, முறையா பேக்கப் எடுக்கறதுக்குன்னே ஒரு கட்டளை இருக்குதுன்னு அதையும் எழுதிக் குடுத்துச்சு. எத்தனை நல்ல மனசு பாருங்க.

அதோட நிறுத்தியிருக்கலாமில்ல?

நிறுத்தலை. கீழ ஒரு வரி. "இருபத்திரண்டு வாரமாக இந்தக் கோப்பைத் திறந்து பார்த்தவர் யாரும் புது வரி இல்லை என்பதைக் கவனிக்கவில்லையா?"

சொல்லுங்கக்கா. இது டேட்டாபேஸு கேள்விங்களா? எனக்கு வந்ததே கோவம். நான் கேட்டது ஃபைலைப் பத்தி. என்ற வீட்டுக்காரரைப் பத்தி இவரை யாரு கேட்டா? அவரு காட்டுக்குள்ள, தூசியில, நாப்பத்தஞ்சு டிகிரி வெயில்ல நிக்கறாரு. பொழுதோட வந்து விழுந்தா ஒடம்பு அசக்க முடியாது. நாரைக்கென்ன, தண்ணிக்குள்ள ஒத்தக்கால்ல நிக்குது, கேக்கும். ஒரு நன்றி சொன்னாப் பொருந்தாதாம், இது மட்டும் பொருந்துமாமா? அங்க ஒரு பட்டன் இருக்குதுங்க, "இது இந்த இடத்துக்குப் பொருந்தாது"ன்னு. அமுத்துனேன். கொஞ்ச நேரத்துல அந்த வரியை எடுத்துட்டாங்க. சரியான பதிலுக்குன்னு பச்சை டிக்கு ஒண்ணு போடுவோம், அதையும் நான் போடலை. போகட்டும்னு விட்டுட்டேன்.

விட்டுட்டேன்னுதான் சொல்றேன். ஆனா பாருங்க, பாத்திரம் கழுவறப்போ வருது. இவளுக்குத் தலை சீவறப்போ வருது. யாரும் கவனிக்கவில்லையா. யாரும் கவனிக்கவில்லையா. எழுத்து மாறாம அப்படியே வருது. அழிச்சப்பறமும் வருது.

அதை விடுங்க, நல்ல சேதியைச் சொல்றேன். இன்னிக்கு சேலத்துல அந்தக் கடைக்கார அண்ணன் போனைப் பிரிச்சு, பிரஷ்ஷு வெச்சுத் தொடைச்சு, வேற பேட்டரி போட்டாரு பாருங்க, லைட்டு எரிஞ்சுருச்சு! "எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியாது தங்கச்சி, எடுக்கறதை எடுத்துக்க"ன்னாரு. கேபிளைச் சொருகுனேன். ஃபேர் நோட்டு, ரஃப் நோட்டு, அதுக்குத் தொணையா ஒரு குட்டி ஃபைலு, மூணையும் சேத்துத் தூக்கி லேப்டாப்புல போட்டேன். அடுத்த நிமிசம் போன் அணைஞ்சு போச்சு. அணைஞ்சா அணையட்டும். தெறந்து பாக்கறேன், முன்னூத்திப் பதினொரு வரி! நாலடி நடந்தது இருக்குது. கா இருக்குது. கேக்கு இருக்குது. கடையிலயே கத்திட்டேன். அந்த அண்ணன் பயந்து எந்திரிச்சுட்டாரு.

இன்னிக்குச் சனிக்கிழமை வேற. நாரை சொன்ன மாதிரி முறையா பேக்கப் எடுத்து, இந்தப் போன்ல ஏத்தி, பஸ் ஸ்டாண்டுல உக்காந்தே அவருக்கு அனுப்பிட்டேன். எல்லாம் சரியாப் போகுதான்னு சோதிக்கோணுமில்ல? புரோகிராம் எழுதுறவங்க எதையும் சோதிக்காம விடமாட்டோம். அதனால அனுப்பறதுக்கு முன்னாடி கடைசியா நானே ஒரு வரி சேத்தேன். புதுசா எழுதுனது மேல வர்றதால, தெறந்ததும் முதல் வரியா அதுதான் நிக்கும், பெரிய எழுத்துல. "இதைப் படித்ததும் எனக்கு உடனே போன் செய்யுங்கள் மாமா. நிறையப் பேச வேண்டும்." சோதனைக்குத்தாங்க. வேறொண்ணுமில்லை. அவரு கூப்பிட்டார்னா ஃபைலு சரியாப் போயிருக்குதுன்னு அர்த்தம். அதான் போனைக் கையிலயே...

மணி என்னங்கக்கா? அஞ்சேகாலா? அப்போ நேரந்தான். அஞ்சு, அஞ்சரைக்குள்ள பாத்துருவாரு. சிக்னலு மூணு கட்டம் இருக்குது பாருங்க. சத்தமும் முழுசா வெச்சிருக்கேன்.

நீங்க என்ன பேசாமயே வரீங்க? நானே பேசிட்டு வரேன்ல. தொந்தரவு பண்றனுங்களா? இல்லைங்களா? அப்போ சரி. பேசற ஆளு கெடைச்சா நான் இப்படித்தான், வாயே மூடாது. உங்க பேருகூடக் கேக்கலை பாருங்க. சரஸ்வதியக்காவா? எங்க பெரியம்மா பேருங்க அது. வர்ணி, சரசு பெரியம்மாவுக்கு ஒரு முத்தம் குடு. குடுக்கமாட்டா, இருங்க, நீங்க எறங்கறப்போ குடுப்பா. அவளுக்கு யாராச்சும் எந்திரிச்சாத்தான் பாசம் வரும்.

ஏ, கேட்டுச்சுங்களா? கேட்டுச்சுல்ல? இவளுக்குக் கூடத் தெரிஞ்சுருச்சு பாருங்க, அப்பாங்கறா. இருடி, புடுங்காத, இரு சாமி...

மெசேஜுதான்.

"பாத்தேன் கண்ணு. பாப்பா சூப்பர்." கட்டைவெரலு.

...

இல்லைங்க, பொறுங்க. கூப்பிடுவாரு. மெசேஜைப் போட்டுட்டுக் கூப்பிடலாம்னு இருப்பாரு.

...

சங்ககிரிக் கோட்டை தெரியுது பாருங்க. உங்க ஸ்டாப்பிங்கு வந்துரும் இன்னேரம்.

அக்கா, ஒரு நிமிசம். எந்திரிக்கறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். இந்தாங்க, போனைப் புடிங்க. நான் அவருக்கு அனுப்புன ஃபைலைத்தான் தெறந்திருக்கேன். முதல் வரி தெரியுதுங்களா? கண்ணாடி இல்லாமத் தெரியுதா? படிங்க. இல்லை, சத்தமாவே படிங்க, பரவாயில்லை...

ம்.

உங்களுக்குத் தெரியுது. எழுத்தெல்லாம் தெளிவா இருக்குது. அப்போ இந்தப் பக்கம் சரியாத்தான் இருக்குதுங்க. போற வழியிலதான் எங்கயோ அந்த ஒரு வரி மட்டும் விட்டுப்போகுது. இல்லாட்டி அவரு போன்ல இருக்கற ஆப்பு பழசு, முதல் வரியை மட்டும் முழுங்குதோ என்னமோ. அப்படியும் ஆகும். இதுல ஆயிரம் இருக்குதுங்க, வெளிய இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாது.

எறங்குங்கக்கா, பாத்து, படி ஒசரமா இருக்குது. வர்ணி, டாட்டா சொல்லு. பாத்தீங்களா, முத்தம் குடுக்கறா, நான் சொன்னேன்ல. போயிட்டு வாங்க. எனக்கு வீட்டுக்குப் போனதும் வேலை இருக்குது. இவளுக்குச் சோறு ஊட்டிட்டு, நாரையோட பழைய பதிலுக்கு அந்தப் பச்சை டிக்கைப் போட்டுட்டு, புதுசா ஒரு கேள்வி எழுதோணும். அனுப்பினவரிடம் தெரியும் வரி, பெற்றவரிடம் தெரியாமல் போவது ஏன்னு. இந்தத் தடவை ரொம்பச் சுருக்கமா எழுதிருவேங்க. எத்தனை வாரம், யாருக்கு, எதுக்குன்னு எதுவுமே போடமாட்டேன். அப்பத்தான் அவங்க வேற ஒண்ணும் கேக்கமாட்டாங்க.